ஆரஞ்சு வட்டத்துக்குள் ஒரு கோடு

ஒன்பது வருடங்களாக மற்றவர்களின் பைகளுக்குள் பார்ப்பதுதான் அவளுடைய வேலை. விமான நிலையத்தில் பயணிகள் கையோடு எடுத்துச் செல்லும் பைகள் பெல்ட்டில் ஊர்ந்து வந்து, ரப்பர் பட்டைகளை விலக்கிக்கொண்டு ஸ்கேனருக்குள் நுழையும். நுழைந்த கணமே அவற்றின் வயிற்றில் இருப்பதெல்லாம் அவள் முன்னால் உள்ள திரையில் விரிந்துவிடும். தோலும் துணியும் கண்ணாடியில் ஊதிய மூச்சைப் போல மங்கிப்போகும். இரும்பு நீலமாகத் தெரியும். கண்ணாடிப் புட்டி பச்சை. காகிதம், சோப்பு, ஆப்பிள், ரொட்டி எல்லாம் ஆரஞ்சு.

ஆண்டு இறுதி விடுமுறை நெருங்க நெருங்கத் திரையில் ஆரஞ்சு கூடிக்கொண்டே போகும். சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் பார்க்கக் கிளம்புகிறவர்கள் தங்கள் வீட்டு ஓவனில் சுட்டதைப் பரிசாக எடுத்துப் போவார்கள். வட்டமான கேக்குகள் ஒவ்வொன்றாக மிதந்து வரும். பிஸ்கட் டப்பாக்கள் வரும். கடையில் வாங்கியதையும் வீட்டில் செய்ததையும் அவள் ஒரே பார்வையில் பிரித்துவிடுவாள். கடைப் பிஸ்கட்டுகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். வீட்டுப் பிஸ்கட்டுகளில் ஒன்று பெருத்திருக்கும், ஒன்று சப்பையாகக் கிடக்கும், ஒரு நட்சத்திரத்துக்குக் கால் ஒன்று குறையும். அவளுக்குக் கேக் சுடத் தெரியாது. ஆனால் ஒரு கேக்கின் நடுவில் வேகாத மாவு எந்த இடத்தில் தங்கியிருக்கிறது என்று ஸ்கேனரில் பார்த்தே சொல்லிவிடுவாள்.

வேலை முடிந்து ஊழியர் பேருந்தில் கண்ணை மூடினால் இமைக்குள்ளும் அந்த நிறங்கள் நகர்ந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் உலகம் பாதி ஊடுருவித் தெரிவது போலவே இருக்கும். குழாய் வேலை பார்க்கும் அவளுடைய கணவர் தன் கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கும்போது அவள் பார்வை அதிலேயே நிற்பதைப் பார்த்து, "அப்படிப் பார்க்காதே தாயே. ரெண்டு ஸ்பேனர், ஒரு டிபன் பாக்ஸ். வேற ஒண்ணும் கடத்தல" என்பார்.

அந்த வருடம் விடுமுறைக்கு மூன்று நாள் இருக்கும்போது காலையில் மூடுபனி இறங்கியது. விடிந்து இரண்டு மணி நேரமாகியும் விலகவில்லை. பெரிய கண்ணாடி ஜன்னல்களுக்கு வெளியே ஓடுபாதை இல்லை, விமானங்கள் இல்லை, வானமும் இல்லை. யாரோ நனைந்த வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. எல்லா விமானங்களும் தாமதம். ஒலிபெருக்கியில் அறிவிக்கும் பெண்ணின் குரல்கூட அன்றைக்குத் தூக்கத்தில் பேசுவது போல மெதுவாக வந்தது. குழந்தைகள் பைகளின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை. அவளும் திரைக்கு முன்னால், மிதக்கிறோமா உட்கார்ந்திருக்கிறோமா என்று தெரியாத ஒரு நிலையில் இருந்தாள்.

அப்போதுதான் அந்தப் பை வந்தது.

மங்கலான சட்டைகள். சுருட்டி வைத்த அளவு நாடா, அதன் இரண்டு முனைகளிலும் நீலப் பொட்டுகள். பெண்கள் போடும் மேலங்கி ஒன்று. வழக்கமாகப் பொத்தான் மார்பில்தான் இருக்கும், இதில் ஒரு கை நெடுகிலும், மணிக்கட்டு முதல் தோள் வரை, பன்னிரண்டு பொத்தான்கள் எறும்பு வரிசை போல ஏறின. இப்படி ஓர் உடுப்பை அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் ஒரு கேக், நன்றாக உப்பி, விளிம்பு சீராக, நிறம் எங்கும் ஒன்றாக. அழகான கேக் என்று நினைத்தவள் பெல்ட்டை நிறுத்தினாள்.

ஆரஞ்சு வட்டத்துக்குள் ஒரு நீலக் கோடு இருந்தது. சுண்டு விரலில் பாதி நீளம்கூட இருக்காது. முடியைப் போல மெல்லியது. படத்தைப் பெரிதாக்கினாள். பக்கவாட்டுக் கோணத்திலும் பார்த்தாள். கேக்கின் மேற்பரப்பில் இல்லை, அடியிலும் இல்லை, நட்டநடு உயரத்தில் படுத்திருந்தது. கம்பியாக இருந்தால் ஏதாவதோடு போய்ச் சேர வேண்டும். இது எதோடும் சேரவில்லை. இன்னும் பெரிதாக்கியபோது ஒரு முனையில் புள்ளியளவு ஒரு வெளிச்சம் தெரிந்தது.

ஊசியின் காது.

பைகளைத் திறந்து பார்க்கும் மேசையில் நின்றிருந்த இளைஞனைக் கைகாட்டி அழைத்தாள். நிலைக்கதவில் தலை இடிக்கும் உயரம் என்பதால் எல்லாரும் அவனை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். திரைக்கு முன் ஒருவர் இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது, கண் சோர்ந்துவிடும் என்பது விதி. அவளுடைய இருபது நிமிடம் முடிந்திருந்தது. வேறொருத்தி வந்து உட்கார, அவள் எழுந்து மேசைக்குப் போனாள்.

பைக்குச் சொந்தக்காரருக்கு அறுபது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வலது கையின் இரண்டு விரல்களில் கழுவினாலும் போகாத சாக்குக் கட்டியின் வெள்ளை. தையல்காரர் என்று கேட்காமலே தெரிந்தது.

"இந்தக் கேக் யாருங்க செஞ்சது ஐயா?"

"நான்தாம்மா" என்றார் அவர், கொஞ்சம் கூச்சமாக. "ஏன், பார்த்தாலே தெரியுதா?"

"உள்ள ஊசி இருக்குங்க."

அவர் சிரித்தார். "கேக்குலயா? என் கடையில தேடினா ஊசி கிடைக்காது, கேக்குல மட்டும்..." சொல்லிக்கொண்டே வந்தவரின் கை தானாக மேலே போய்ச் சட்டையின் இடது மார்பைத் தடவியது. ஊசியைக் குத்தி வைத்துக்கொள்ளும் இடம். விரல்கள் அங்கேயே நின்றன. சிரிப்பு முகத்தில் இருந்தபடியே வெளிறிப்போனது.

நெட்டை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்கார்ந்தார்.

"அக்காவுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார். "முப்பது வருஷமா அவதான் எனக்கு அனுப்புவா. லீவு வந்தா போதும், டப்பா வந்துடும். நான் ஒரு தடவை திருப்பிக் குடுத்ததில்ல. துணி தைச்சு அனுப்புவேன், அவ்வளவுதான். இந்த வருஷம் படியில விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டா. தோள் வரைக்கும் மாவுக்கட்டு. 'இந்த வருஷம் உனக்கு ஒண்ணும் கிடையாதுடா'ன்னு போன்ல சொல்றா, சொல்றப்பவே குரல் உடையுது. சரி, நாம செய்வோம்னு... மூணு கேக் கெட்டுப்போச்சும்மா. இது நாலாவது." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "அங்க அவளோட பேரப் பசங்க இருக்காங்க. சின்னதுக்கு ரெண்டு வயசு. அதுக்குத்தான் முதல் துண்டு குடுக்கணும்னு நினைச்சிருந்தேன்."

பிறகு அவரே சொன்னார்: "தூக்கிப் போட்டுடுங்கம்மா. அதை நான் பார்க்கவே வேண்டாம்."

சூப்பர்வைசர் வந்தார். அவளைவிடப் பத்து வயது இளையவர், நல்லவர், ஆனால் எதையும் ஒரு தடவை விதிமுறையில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். "தையல் பெட்டியில ஊசி இருந்தா பிரச்சினை இல்ல. சாப்பாட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்தா விட முடியாது. அவரே வேண்டாங்கிறார். குப்பைத் தொட்டியில போட்டுடலாம் மேடம்."

ஒன்பது வருடங்களில் அவள் எத்தனையோ பொருட்களை அந்தத் தொட்டியில் போட்டிருக்கிறாள். தேன், ஜாம், அத்தர், ஒருமுறை ஒரு சிறுமியின் தண்ணீர் நிரப்பிய பொம்மை. கை கூசியதுண்டு, நின்றதில்லை. இன்றைக்கு ஏனோ கேக் பெட்டியின் மேல் வைத்த கை எழவில்லை.

"சார், வெளியில பாருங்க. எந்த ஃப்ளைட்டும் கிளம்பற மாதிரி இல்ல. வரிசையில ஆளும் இல்ல. ஊசியை எடுத்துட்டா மிச்சம் கேக்தானே?"

"எங்கன்னு எப்படித் தெரியும்? முழுசா உதிர்த்தாதான்..."

"எங்கன்னுதான் எனக்குத் தெரியுமே" என்றாள் அவள்.

சூப்பர்வைசர் ஜன்னலைப் பார்த்தார். மூடுபனி அவருக்கும் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "சரி. ஆனா கத்தி பயணி கைக்குப் போகக் கூடாது. நீங்கதான் வெட்டணும்."

தையல்காரருக்கு அவள் திரையைக் காட்டினாள். அவர் கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். இருட்டான திரையின் நடுவில், ஒன்றுமில்லாத இடத்தில் தொங்கும் நிலவைப் போல அவருடைய கேக் ஒளிர்ந்தது. அவர் ஊசியைப் பார்க்கவில்லை. வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவா நான் செஞ்சது?"

"இதுதாங்க."

"உப்பியிருக்கே!"

"இந்த வாரம் நான் பார்த்ததுலயே இதுதான் ஒழுங்கா உப்பினது. நடுவுல பள்ளம் இல்ல, பச்சை மாவு இல்ல. எத்தனை கேக் பார்க்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்."

அவர் உடம்பில் எங்கோ ஒரு விளக்குப் போட்டது போல இருந்தது. நிமிர்ந்தார். இப்போதுதான் அந்த நீலக் கோட்டைப் பார்த்தார். பார்த்தது தையல்காரரின் கண். தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை இடுக்கி, கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் உள்ள தூரத்தை மனதில் அளந்தார்.

"ரெண்டரை விரல் உள்ள இருக்கு. குறுக்கால படுத்திருக்கு. ஆனா எந்தப் பக்கம்னு கேக்கு மேல எப்படிக் கண்டுபிடிக்கிறது? வட்டத்துக்கு ஏது கிழக்கு மேற்கு?" சற்று யோசித்தார். "குண்டூசி குத்தித்தானே நாங்க அடையாளம் வைப்போம். அந்த மாதிரி இரும்புல சின்னதா ஏதாவது மேல வச்சு, மறுபடி உள்ள அனுப்பிப் பார்த்தா?"

நெட்டை தன் காகிதக் கட்டிலிருந்து ஒரு கிளிப்பை உருவினான். கேக்கின் மேல் வெண்ணெய்த்தாள் விரித்து, அதன் மேல் கிளிப்பை வைத்துப் பெட்டியை அனுப்பினார்கள். திரையில் நீலக் கிளிப் ஒரு பக்கம், நீல ஊசி இன்னொரு பக்கம்.

"இன்னும் நாலு விரல் இடது பக்கம்" என்றாள் அவள்.

இரண்டாவது தடவை கிளிப் ஊசியைத் தாண்டிப் போயிருந்தது. மூன்றாவது தடவை இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக, நீரில் இருக்கும் மீனும் அதன் நிழலும் போல வந்து நின்றன. யாரும் கூப்பிடாமலே நான்கைந்து பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். தரை துடைக்கும் அம்மாள் துடைப்பத்தில் சாய்ந்து நின்றார். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட ஓர் அப்பா. சீருடை அணிந்த ஒரு விமானப் பணிப்பெண், காலணியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. எல்லாரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள்.

தையல்காரர் வெண்ணெய்த்தாளில் கிளிப்பைச் சுற்றி முக்கோணமாக நகத்தால் மடிப்புக் கீறினார். சிற்றுண்டிக் கடையிலிருந்து பிளாஸ்டிக் கத்தி ஒன்று வந்தது. அவள் கையுறையை மாற்றிக்கொண்டாள்.

"நேரா போங்கம்மா. கத்தியைப் பார்க்காதீங்க, கோட்டைப் பாருங்க."

"ஐயா, இது துணி இல்ல. உதிருது."

"பட்டும் இப்படித்தான், ஓரத்துல உதிரும். பயப்படாதீங்க."

வெட்டு விழுந்ததும் வாசனை எழுந்தது. வெண்ணெய், ஆரஞ்சுத் தோல், லேசாகக் கருகிய சர்க்கரை. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு வருவதெல்லாம் தரை துடைக்கும் திரவத்தின் வாசனைதான். இப்போது அந்த மணம் முகத்தில் மோத, அவள் ஒரு கணம் கத்தியை நிறுத்திக்கொண்டாள்.

முக்கோணத் துண்டை மெதுவாக வெளியே நகர்த்தினாள். வெட்டிய முகத்தில் ஒரு மினுக்கம். தையல்காரர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தலையசைத்தார். தையல்காரர் குனிந்து, இரண்டு வெள்ளை விரல்களால் அந்த மினுக்கத்தைப் பிடித்து இழுத்தார்.

ஊசி வந்தது. வந்து, நிற்காமல், அதன் பின்னால் நூலும் வந்தது.

ஊதா நூல். ஸ்கேனருக்குத் தெரியாத நூல். கேக்கின் மென்மையான உடம்பிலிருந்து பொடி ஒட்டிய ஊதா நிறம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. ஒரு சாண். ஒரு முழம். அவர் கை உயர்ந்துகொண்டே போனது. எல்லாருடைய கண்களும் கையோடு போயின. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்து, வாயைத் திறந்து, அந்த நூலைப் பார்த்தது. கடைசி நுனி வெளியே வந்து காற்றில் ஆடியது.

"அடப்பாவி" என்றார் தையல்காரர், தன்னைத்தானே. "அந்தச் சட்டை!"

அவரே பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஊதா நிற மேலங்கி. மாவுக்கட்டுப் போட்ட கை எந்தச் சட்டைக்குள்ளும் நுழையாது என்று அக்கா சொன்னாளாம். அதனால் ஒரு கையை மட்டும் அகலமாக வெட்டி, நெடுகத் திறந்து, பன்னிரண்டு பொத்தான் வைத்துத் தைத்திருக்கிறார். "ஓவன் சூடாகிற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு பொத்தான் தைச்சேன். மாவு கலக்கறப்ப ஊசியை என் சட்டையில குத்தினேன். குத்தினேன்னுதான் நினைச்சேன்."

விமானப் பணிப்பெண் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எல்லாருக்கும் பரவியது. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை என்று காட்டுவதற்காக மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஊசியைக் கூர்ப் பொருட்களுக்கான டப்பாவில் போட்டார். நூலை என்ன செய்வது என்று விதியில் எங்கும் இல்லை. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, தையல்காரரிடமே கொடுத்தார்.

கேக்கையும் வெட்டிய துண்டையும் இன்னொரு முறை உள்ளே அனுப்பினார்கள். ஆரஞ்சு, வெறும் ஆரஞ்சு. ஒரு வாய் கடித்த நிலவு.

"முழுசா குடுக்க முடியலையே" என்றார் அவர் பெட்டியைக் கட்டும்போது. "குறையோட கொண்டுபோய் நீட்டறது ஒரு மாதிரி இருக்கு."

"எப்படிக் குறைஞ்சுதுன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் யாரும் முழுசா கேட்க மாட்டாங்க."

வெட்டிய துண்டை அவர் வெண்ணெய்த்தாளில் சுற்றி அவள் பக்கம் நகர்த்தினார். வாங்கக் கூடாது என்று இருக்கிறது. அவள் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எதிர்ப்புறம் திரும்பி, ஜன்னலுக்கு வெளியே தெரியாத ஒன்றை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு மூடுபனி கலைய ஆரம்பித்தது. முதலில் ஒரு விமானத்தின் வால் மட்டும் தெரிந்தது. பிறகு ஓடுபாதையின் விளக்குகள். தையல்காரரின் விமானத்துக்கு அழைப்பு வந்தது. கேக் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, அவர் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. நடையில் மட்டும் ஓர் அவசரம் இருந்தது.

இடைவேளையில் அவள் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். நெட்டைக்குப் பாதி கொடுத்தது போக இரண்டு விள்ளல் மிச்சம். வாயில் போட்டாள். உப்புப் போட மறந்திருக்கிறார். சர்க்கரை ஒரு பிடி அதிகம். ஓரம் மொறுமொறுப்பாக, உள்ளே ஈரமாக இருந்தது. ஒன்பது வருடமாகக் கண்ணால் மட்டும் பார்த்த நிறம் இப்போது நாக்கில் கரைந்து, தொண்டையில் இறங்கி, நெஞ்சுக்குள் எங்கோ போய் உட்கார்ந்தது. இப்போது யாராவது தன்னை அந்தப் பெல்ட்டில் படுக்க வைத்து அனுப்பினால் அந்த இடத்தில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி தெரியும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் கண் சொருகியது.

அரைத் தூக்கத்தில் அவளுடைய தம்பி வந்தான். நான்கு வயது இளையவன், வேறொரு நகரத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிறான். அவர்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. பேச்சு எப்படியோ தேய்ந்துபோயிருந்தது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பேசுவார்கள். யாராவது போய்விட்டால் பேசுவார்கள். தூக்கத்தில் அவன் ஆறு வயதுப் பையனாக இருந்தான். கையை மூடி நீட்டி, உள்ளே என்ன இருக்கிறது சொல் என்றான். அவள் சொல்வதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது.

விடுமுறை வந்தது, போனது. எல்லா வருடத்தையும் போல அவள் அந்த நாட்களிலும் வேலைக்கு வந்தாள். அது முடிந்த மறுநாள் மதியம் நெட்டை ஓடி வந்தான்.

"அக்கா, ஆபீஸ் போன்ல யாரோ ஒரு அம்மா. 'ஊசி எடுத்தவங்களைக் கூப்பிடு'ங்கிறாங்க. வேற பேச்சே இல்ல."

அவள் போய் ரிசீவரை எடுத்தாள்.

"நீங்கதானாம்மா அது?" கணீரென்ற வயதான குரல். "நான் தையல்காரனோட அக்கா பேசறேன். ஒரே ஒரு விஷயம் கேட்கணும். அந்தக் கேக்குல நெஜமாவே ஊசி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்கம்மா."

"நூலோடயா?"

"ஒரு முழம் நூலுங்க. ஊதா நூல். உங்க சட்டைப் பொத்தான் தைச்ச நூல்."

மறுமுனையில் குழந்தைகள் ஓடும் ஒலி கேட்டது.

"பாவிப்பய" என்றாள் அக்கா கடைசியில். "இவன் சின்ன வயசுலேருந்தே புளுகன்மா. பள்ளிக்கூடத்துல புலி வந்துச்சும்பான். வந்து இறங்கினதும் ஊசிங்கிறான், ஸ்கேனருங்கிறான், ஊரே கூடி நின்னு கைதட்டினாங்கங்கிறான். போடா, வர்ற வழியில பசிச்சுது, ஒரு துண்டு வெட்டித் தின்னுட்டே, அதை மறைக்க இவ்வளவு பெரிய கதையான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அதுலேருந்து முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கான். நாளைக்குக் கிளம்பறான். மனசு கேட்கல, நம்பர் தேடிப் பிடிச்சுப் பேசறேன்."

"யாரும் கைதட்டலைங்க" என்றாள் அவள். "மத்ததெல்லாம் உண்மை."

"டேய்!" என்று அக்கா கூப்பிட்டது விமான நிலையம் முழுக்கக் கேட்டிருக்கும். "டேய், இங்க வா! நெஜந்தானாம்டா!"

தூரத்தில் செருப்புச் சத்தம். "நான்தான் சொன்னேனே! ஒரு வாரமா சொல்றேனே!"

"கைதட்டலையாமே?"

"மனசுக்குள்ள தட்டினாங்க!"

"இந்த வாய் இருக்கே உனக்கு... வா, உட்காரு. இந்தக் கைப் பொத்தான் ஒண்ணு கழண்டு தொங்குது பாரு. நூலைப் பூராவும் கேக்குல விட்டா இங்க எப்படி நிக்கும்?"

அவர் சிரிப்பதும் அக்கா திட்டுவதும் அவர் மறுபடி ஏதோ சொல்வதும் ரிசீவருக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தன. போன் ஒன்று திறந்திருக்கிறது என்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். அவள் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடமா ஐந்து நிமிடமா என்று தெரியவில்லை. பிறகு, தூங்கும் பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்பதைப் போல, ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

அன்று மாலை ஊழியர் பேருந்து நிற்கும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் செய்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"என்னக்கா? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலடா."

"மாமா நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கார்."

"அப்புறம் எதுக்குப் போன்?"

"சும்மாதான்."

"சும்மாவா?" அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலித்தது. "இரு, நான் லிஃப்ட் கூண்டு மேல நிக்கிறேன். பதினோராவது மாடி. கீழ இறங்கிக்கிறேன். நீ சும்மா போன் பண்ணினா இங்க எனக்குத் தலை சுத்துது."

அவன் இறங்கினான். கயிறுகள் உராய்வதும் இரும்பு முனகுவதும் காதில் கேட்டன. மாடி மாடியாக அவன் தன்னை நோக்கி இறங்கி வருவது போல அவளுக்குத் தோன்றியது. எதிரே பேருந்து வந்தது, கதவைத் திறந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவள் எழவில்லை.

"ம், இப்ப சொல்லு" என்றான்.

அவள் மூடுபனியிலிருந்து ஆரம்பித்தாள். ஊதா நூல் வந்த இடத்தில் அவன், "பொய் சொல்லாதே" என்றான். பிறகு அடுத்த மாதம் நான்கு நாள் லீவு வருகிறது என்றான், எதற்காகச் சொல்கிறோம் என்று தெரியாதவன் போல.

"வாடா. நான் ஏதாவது செஞ்சு வைக்கிறேன். கேக் மாதிரி."

"நீயா? வேண்டாங்க்கா. எனக்குப் போன மாசம்தான் பல் கட்டியிருக்காங்க."

"அப்ப வராதே."

"வரேன் வரேன். கருகினாலும் சொல்லாம குடு. லீவுன்னா நாலு பேர் வீட்டுலேருந்து டப்பா வருது, பக்கத்துல வேலை பார்க்கிறவனுங்க தூக்கிக்கிட்டு அலையறானுங்க. எனக்கும் ஒண்ணு வந்துச்சுன்னு நானும் சொல்லிக்கிறேன்."

"சரிடா" என்றாள்.

அடுத்த பேருந்தில் தரை துடைக்கும் அம்மாளின் பக்கத்தில் இடம் கிடைத்தது. அந்த அம்மாள் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். வெளியே விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. நீலம், பச்சை, தூரத்து வீடுகளின் சமையலறைகளில் மட்டும் ஆரஞ்சு.

"அக்கா, தூங்கிட்டீங்களா? ஒரு கேக்குக்கு எத்தனை முட்டை போடணும்?"

அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "எவ்வளவு பெரிய கேக்?"

அவள் மடியிலிருந்த பையை ஒதுக்கிவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து, காற்றில் ஒரு வட்டம் பிடித்துக் காட்டினாள்.